மூன்று படத்திலும் இருந்த விரிசல்

தேயிலை விலை சரிந்து, நீலகிரியில் ஃபேக்டரிப் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகப் புகையை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. குன்னூரில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டுப் பாதையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தேன். டிஜிட்டல் கேமரா அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. கல்யாணப் பெண்ணின் பருவையும் மாப்பிள்ளையின் கருவளையத்தையும் கம்ப்யூட்டரில் துடைத்துத் தருவதில் எனக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர்தான் ஒரு மனிதரின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. இன்று நினைத்தாலும் யார் மேல் முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை. எஸ்டேட்காரர்கள் மேலா, என் மேலா?

மே மாதக் கடைசியில், கோத்தகிரி ரோட்டில் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் கப்பலேறி இங்கே வந்தவர். ஃபேக்டரியை மூடிய நிர்வாகம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கரண்டையும் நிறுத்தியிருந்தது. வரிசையாக ஆறு வீடு. கடைசி வீடு இவருடையது. அதன் பின்சுவர் பிளந்து, உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் அவர் கணவரின் கட்டில். மரம் வெட்டப் போன இடத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர். கட்டிலை நகர்த்தலாம் என்றால் ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் ஒழுகும் கூரை. தென்மேற்கு மழைக்கு இன்னும் இரண்டு வாரம்தான். அக்கா அரசாங்கத்திடம் புகார் கொடுத்ததற்கு, நிர்வாகம், வீடுகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்திருந்தது. இல்லையென்றால் படத்தைக் கொண்டு வாருங்கள் என்றாராம் விசாரிக்கும் அதிகாரி.

"என்னா செய்ய தங்கச்சி, செவுத்த தூக்கிக்கிட்டா போக ஏலும்?" என்றார் அக்கா.

மறுநாள் போனேன். பகல் பதினொரு மணி. மூடுபனி லயத்தின் கழுத்துவரை ஏறி நின்றது. உள்ளே கரியும் இருட்டும். ஃபிளாஷ் போட்டு ஒன்று எடுத்தேன். சுவர் தட்டையாக, காகிதம் ஒட்டியது போல வந்தது. நேராகப் பாய்கிற வெளிச்சம் நிழலைக் கொன்றுவிடும். நிழல் இல்லாமல் விரிசல் ஏது, சாய்வு ஏது? கதவு வழியாகப் பக்கவாட்டில் வருகிற அந்தச் சாம்பல் வெளிச்சத்தில்தான் எடுத்தாக வேண்டும். கேமரா ஸ்டாண்டை ஸ்டுடியோவிலேயே விட்டுப் போனது என் மடத்தனம். வேறு வழியின்றி, வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை ஆயிரத்து அறுநூறுக்கு ஏற்றினேன். கேமராவின் காதைத் தீட்டிவிடுவது மாதிரி அது. சன்னமான பேச்சும் கேட்கும், கூடவே ஊர் இரைச்சலும் கேட்கும். அந்த இரைச்சல்தான் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். கை நடுங்கிவிடுமோ என்று ஒவ்வொரு கோணத்திலும் மும்மூன்றாக எடுத்தேன்.

விரிசல், காலண்டர் மாட்டும் ஆணிக்குக் கீழே நூல் போலத் தொடங்கி, கட்டில் மட்டத்துக்கு வரும்போது விரல் அகலமாகியிருந்தது.

"என்னையும் சேத்தே எடு தங்கச்சி. விழுந்தா யாரு கெடந்தான்னு தெரியணும்ல" என்றார் கட்டிலில் இருந்தவர்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரில் திறந்தால், ரவையை வாரி இறைத்தது போலப் படம். சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் கையால் எடுத்த படமா இது? இரைச்சலைத் துடைக்கும் கருவியைத் திறந்து, பரு எடுத்துப் பழகிய கையால் அதன் அளவைக் கடைசிவரை இழுத்துவிட்டேன். சுவர் பட்டுப் போல ஆனது. விரிசல் போனதை நான் கவனிக்கவே இல்லை. நேரில் பார்த்த கண் அல்லவா, படத்தில் இல்லாததையும் அதுவே இட்டு நிரப்பிக்கொண்டது. பெரிதாக அச்செடுத்து, உறையில் போட்டு, பெருமையாக அக்காவிடம் கொடுத்தேன்.

விசாரணை குன்னூரிலேயே ஓர் அலுவலகத்தில். நானும் கூடப் போனேன். எதிர்ப்பக்கம் எஸ்டேட்டின் உதவி மேனேஜர். தொழிலாளர் வாயில் அவர் சின்னத் துரை. அதிகாரி படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, சொவரு நல்லாத்தானுங்க இருக்குது? கொஞ்சம் கரி புடிச்சிருக்குது, அவ்வளவுதானுங்களே."

"அவங்க கொண்டு வந்த போட்டோவே சொல்லுது சார்" என்று சின்னத் துரை சிரித்தார்.

எட்டிப் பார்த்தேன். நூல் விரிசல் முழுக்கக் காணோம். விரல் அகலப் பிளவு, அடுப்புப் புகை படிந்த தடம் மாதிரி மெழுகிக் கிடந்தது. அக்கா சின்னத் துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்க வெடிப்ப எங்க கொண்டுபோய் வச்ச?"

புள்ளிகளை எடுக்கப் போய் இப்படி ஆகிவிட்டது என்று சொன்னேன். "அப்ப படத்துல கை வச்சதை ஒத்துக்கறாங்க. இனி எந்தப் படத்தை நம்பறது சார்?" என்றார் சின்னத் துரை. பொய் எழுதிக் கொடுத்தவர்களின் வாய், உண்மையைப் படமெடுத்த என்னைப் பார்த்து நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு வழி செய்து கொடுத்தவளும் நான்தான்.

மூன்று மணிவரை அவகாசம் கேட்டு ஓடினேன். வழக்கமாகப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திருத்தியதும், கேமராவின் கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவேன். தேயிலை விலை விழுந்ததில் கல்யாணங்களும் தள்ளிப்போய், அந்த வாரம் எனக்கு ஓர் ஆர்டரும் இல்லை. அதனால் கார்டு அழியாமல் கிடந்தது. அந்தச் சுவரின் மூன்று படங்களையும், ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் அச்செடுத்து, மூன்று மணிக்குள் அலுவலகத்துக்குத் திரும்பினேன்.

"இதென்ன மேடம், ஒரே ரவையா இருக்கு? இந்தப் புள்ளியெல்லாம் இருக்கறப்ப அந்தக் கோடும் மிஷின் போட்டதில்லைன்னு என்ன நிச்சயம்?" என்றார் சின்னத் துரை.

துடைத்தால் சுவர் நன்றாயிருக்கிறது. துடைக்காவிட்டால் படம் நன்றாயில்லை. ஆத்திரத்தில் எனக்கு நாக்குக் குழறியது. ஐ.எஸ்.ஓ., சென்சார் என்று நான் ஆரம்பித்ததும் அதிகாரியின் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது.

அக்கா எழுந்து வந்தார். மூன்று படங்களையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தார். கொழுந்துக் கறை ஏறிய விரலை ஆணியின் மேல் ஊன்றினார்.

"சார், இங்க பாருங்க. ஆணிக்குப் பக்கத்துல ஒரு செவப்புப் புள்ளி. அடுத்த படத்துல அது அங்க இல்ல. மூணாவதுலயும் இல்ல, வேற எங்கயோ ஓடிருச்சி. எல்லாப் புள்ளியும் அப்படித்தான் ஓடித் திரியுது. இந்தக் கோடு மட்டும் மூணுலயும் ஆணிக்குக் கீழயே நிக்கிது. ஓடுறது கேமராப் பொட்டிக்குள்ள இருக்கறது சார். நிக்கிறது எங்க செவுத்துல இருக்கறது."

இத்தனை வருஷம் இதே தொழிலில் இருக்கிறேன், மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விரலை ஓட்டினார்.

"நாளான்னிக்கு நானே வந்து பாக்கறனுங்க" என்றார்.

சொன்னபடி வந்தார். லயத்தை நெருங்கும்போதே சுண்ணாம்பு வாசனை. முந்தின நாள் ஆள் விட்டு அந்தச் சுவர் முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். வெடிப்பில் சுண்ணாம்பை அப்பி இழுத்துவிட்டிருந்தார்கள். நான் மௌஸால் செய்ததை அவர்கள் சுண்ணாம்பு மட்டையால் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் நான் தெரியாமல் செய்தேன். ஒரு மனிதர் படுத்திருக்கும்போது, அவர் தலைமாட்டில் நின்று, தெரிந்தே பூசிவிட்டுப் போக எப்படிக் கை வந்தது?

"பராமரிப்பு நடந்துட்டுதான் இருக்கு சார்" என்றார் சின்னத் துரை.

"என் மேலயும் ரெண்டு சொட்டு விட்டுட்டுத்தான் போயிருக்கானுக. நானும் நல்ல நெலையிலதான் இருக்கேன்னு எழுதிக்குங்க சார்" என்றார் கட்டிலில் இருந்தவர்.

நல்ல வேளையாக ஆணியைப் பிடுங்க மறந்திருந்தார்கள். அக்கா ரவைப் படத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஆணியிலிருந்து சாண் வைத்து இறங்கினார். மூன்றாவது சாணில் விரலை வைத்து அழுத்தினார். சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. விரல் இரண்டாம் கணுவரை உள்ளே போனது. அதிகாரி தன் விரலையும் விட்டுப் பார்த்து, ஈரத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே எழுத ஆரம்பித்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் பாலவாடி பூட்டிக் கிடந்தது; கட்டிலில் இருப்பவரை இன்றே அங்கே மாற்ற வேண்டும் என்றார். சாவி காணோம் என்றார் சின்னத் துரை. கிடைக்கிறவரை நிற்கிறேன் என்றார் அதிகாரி. அரை மணியில் சாவி வந்தது. கட்டிலோடு நாலு பேர் தூக்கிப் போனோம்.

ஜூனில், மழை பிடித்த மூன்றாம் நாள், அந்தச் சுவர் வெள்ளையாகவே விழுந்தது. கட்டில் கிடந்த இடத்தில், கல்லும் மண்ணுமாக இடுப்புயரம். அதற்கப்புறம்தான் புதுச் சுவர் எழுப்பினார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேன். "அத விடு, இனிமே துடைக்காத" என்றார் அக்கா.

இப்போது செல்ஃபோன்கூட, என்னைக் கேட்காமலே இருட்டுப் படத்தை வழவழப்பாக்கித் தருகிறது. உன்னை யார் கேட்டது என்று அதன் மேல் பொத்துக்கொண்டு வருகிறது கோபம். ஸ்டுடியோவில் இன்னும் பரு எடுக்கிறேன், கருவளையம் எடுக்கிறேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் இருட்டில் எடுத்த எந்தப் படத்தையும் துடைப்பதற்கு முன்னால், அதில் சுவரோரம் யாராவது படுத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.