ஏலத்துக்கு வந்த குடம்

பொன்மலரைப் பற்றி எங்கள் கிறிஸ்தவச் சபையின் ஆண்டு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். "நல்லதா இருக்கட்டும் சார், பிரச்சினையெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் கமிட்டிப் பிள்ளைகள். பிரச்சினையை எடுத்துவிட்டால் பொன்மலரில் மிச்சம் என்ன இருக்கிறது? மலருக்கு அந்த நாலு வரியைக் கொடுத்துவிட்டேன். மற்றதை இங்கே எழுதுகிறேன். இதில் என் வண்டவாளமும் வரும், வரட்டும்.

ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் இருந்த எங்கள் சபைக் காலனியில் அவள் பால்வாடி டீச்சர். புருஷன் வில்சனுக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை; நாள் முழுக்கத் தோலைப் புரட்டிப் புரட்டி அவன் கைவிரல் நகங்கள் வெந்து போயிருக்கும். நான் சுந்தர்ராஜ், சபைக் குமாஸ்தா. கல்யாண ஓலை, பள்ளிக்கூட அட்மிஷன், ஆஸ்பத்திரிச் சிபாரிசுக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் முத்திரை குத்துவது என் வேலை. நான் குடியிருந்தது காலனியில் அல்ல, மிஷன் காம்பவுண்டில். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எழுபத்தெட்டில் காலனிக் கிணறு கெட்டுப்போனது. டேனரிக் கழிவு ஓடுகிற வாய்க்கால் கிணற்றுக்கு நூறடிதான். முதலில் தண்ணீர் உப்புக் கரித்தது; அடுத்த கோடைக்குள் டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. பருப்பு வேகவில்லை, சோறு மஞ்சளாக இருந்தது, பிள்ளைகளுக்குக் காலெல்லாம் புண். அறுபது வீட்டுக்கும் அது ஒன்றுதான் கிணறு. பக்கத்துத் தெரு தாயாரம்மாளும், மசூதித் தெரு குர்ஷித்தும் அதிலேதான் சேந்தினார்கள்.

வெள்ளிக்கிழமை மாதர் ஜெபக் கூட்டத்தைப் பொன்மலர்தான் நடத்துவாள். சுகமில்லாத பிள்ளைகளின் பெயர்களை வாசித்து, கண்ணீர் விட்டு ஜெபித்து, காப்பி குடித்துக் கலைவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தவள் பாதியில் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போன வாரமும் இதே பேருங்கதான். கேட்டுக் கேட்டுக் கர்த்தருக்கே பேஜாராயிருக்கும். பிள்ளைக்கு ஜெபம் பண்ணது போதும், வாங்க, கெணத்துக்குப் பண்ணுவோம்" என்றாள்.

அன்றைக்கு ஜெபம் கிணற்றடியில் நடந்தது. தண்ணீருக்கு வந்த தாயாரம்மாளும் குர்ஷித்தும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். ஆமென் சொன்ன பிறகு பொன்மலர், "கேட்டாச்சு. இனிமே நாம போயி தாலுகா ஆபீஸ்ல கேக்கணும். ஜெபம் பண்ணிட்டுக் கைய கட்டிட்டு ஒக்காந்தா அது ஜெபமே இல்ல" என்றாள். அப்படித்தான் மனு பிறந்தது. கழிவு வாய்க்காலைத் திருப்ப வேண்டும், காலனிக்குக் குழாய் வேண்டும்; கேட்டது இவ்வளவுதான். அறுபத்திரண்டு பேர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள்.

அதோடு நேரே ஆபீசுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, சபை முத்திரை ஒண்ணு குத்திக் குடுங்க."

"இது சபைக் காரியம் இல்லியேம்மா."

"இன்னாண்ணே நீங்க! முத்திர இல்லாத பேப்பர எவன் பாப்பான்? ஆஸ்பத்திரியில நம்ம முத்திரய பாத்துட்டுத்தானே உள்ளயே விடுறான்."

எங்கள் சபையார் எல்லாருக்குமே அந்த நம்பிக்கை உண்டு. அந்த நீல வட்டத்தைக் காட்டினால் திறக்காத கதவு இல்லை என்று நினைத்தே வளர்ந்தவர்கள். நானும் அப்படித்தான். செயலாளர் இன்பசேகரன் அப்போது மெட்ராஸுக்குப் போயிருந்தார். வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று ஓங்கி ஒரு குத்துக் குத்திக் கொடுத்தேன்.

செயலாளர் யார் என்று சொல்லவில்லையே. அதே டேனரியின் மேனேஜர். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். காலனிப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர், பெரிய வெள்ளியன்று வாய்விட்டு அழுகிறவர். அவர் அந்த டேனரி வேலையில் இருப்பது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் மனு மேலே போகும், கீழே திரும்பி வரும் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஆபீசிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. சபை முத்திரை இருந்ததால் இதைச் சபையின் மனுவாக எடுத்துக்கொண்டு, செயலாளரின் விளக்கம் கேட்டு, அசல் காகிதங்களையே அனுப்பியிருந்தார்கள். இன்பசேகரன் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அறுபத்திரண்டு பெயர்களையும் விரல் வைத்துப் படித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய டேனரியில் வேலை செய்தவர்கள் அந்தப் பட்டியலில் எட்டுப் பேர். திங்கட்கிழமை காலை அந்த எட்டுப் பேரையும் கேட்டிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். தோலில் சுரண்டிய மயிரைப் பொறுக்கி உலர்த்தும் தாயாரம்மாள் அதில் ஒருத்தி. வில்சன் ஒருவன்.

வில்சன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று பிற்பாடு பொன்மலர் சொன்னாள். அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். மற்ற வீட்டுக்காரர்கள் பேசினார்கள்: "டீச்சரம்மாவுக்கு கவர்மெண்ட் சம்பளம் வருது, நம்ம அடுப்புல தண்ணி ஊத்திட்டா." வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை. அவள் தனியாகக் கிணற்றடியில் போய் நின்று ஜெபித்துவிட்டு வருவாள். நான் அந்தப் பக்கம் போகவே கூச்சப்பட்டுச் சுற்று வழியில் போய்க்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் கழித்து அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலானதைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைக் கோயில் மைதானத்தில் ஏலம். எடுத்தவர் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். திரும்பக் காணிக்கையாக வைத்தால் மறுபடி ஏலம் கூற வேண்டும். ஒரு பூசணிக்காய் ஐந்து கை மாறுவதெல்லாம் எங்கள் ஊரில் சகஜம். வேடிக்கை பார்க்கவும் வாங்கவும் எல்லாத் தெரு ஜனங்களும் வருவார்கள். ஏலம் கூறுவது எப்போதும் செயலாளர்தான், நல்ல குரல்.

கரும்பு, கோழி, தேங்காய் எல்லாம் போனபின் மேஜையில் மூடியிட்ட ஒரு பித்தளைக் குடம் இருந்தது. இன்பசேகரன் மூடியைத் திறந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"இது யாரு வச்சது?"

"நான்தான் ஐயா. எங்க காலனியில வெளஞ்சது அதான்" என்றாள் பொன்மலர்.

"எடுத்துட்டுப் போம்மா. வெளையாடாத."

"கர்த்தருக்கு முன்னால வச்சத கூறாம விடக்கூடாதுன்னு வருஷா வருஷம் நீங்கதானே ஐயா சொல்லுவீங்க. கூறுங்க."

அவருக்கு வேறு வழி இல்லை. "கெணத்துத் தண்ணி, ஒரு குடம்" என்றார், பாதிக் குரலில். ஒருவரும் விலை கேட்கவில்லை. பொன்மலர் தலையைக் குனிந்து நின்றாள். முடிந்தது, அவமானப்பட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு ரூபா." மைதானத்து ஓரத்திலிருந்து தாயாரம்மாள். நாலு மாதமாக வேலை இல்லாதவள். வந்தாள், காசை வைத்தாள், குடத்தைத் தூக்கினாள், திரும்ப மேஜையிலேயே வைத்தாள். "சாமிக்கே இருக்கட்டும். மறுபடி கூறுங்க."

இன்பசேகரன் மறுபடி கூறினார். இன்னொருவன் எடுத்தான், திரும்ப வைத்தான். மறுபடி கூறினார். வேலை போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர், "கெணத்துத் தண்ணி, ஒரு குடம்" என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது. எட்டாவதாக வந்தவன் வில்சன். ரூபாயை வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கி, மேஜையில் வைக்காமல், பொன்மலர் கையில் கொடுத்தான். "புடிம்மே, கனமா இருக்கு" என்றான். நாலு மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவன் பேசியது அதுதான். அவள் அழுதுவிட்டாள். நானும்தான்.

காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த செயலாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பழக்க தோஷத்தில், யாரையும் பார்க்காமல், "தொண்ட காஞ்சு போச்சு, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கையை நீட்டினார்.

பொன்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடத்தைச் சாய்த்து ஒரு டம்ளர் ஊற்றி அவரிடம் நீட்டினாள். கேலியாக இல்லை, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலத்தான் நீட்டினாள். அவர் அந்த நிறத்தைப் பார்த்தபடி நின்றார். வாங்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு, காரை நோக்கி நடந்து போய்விட்டார்.

அடுத்த மாதம் மூன்று பேரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள், வில்சனை எடுக்கவில்லை. அவன் கடைசிவரை பஜாரில் மூட்டை தூக்கினான். எண்பத்திமூன்றில் காலனிக்கு ஒரு குழாய் வந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். வாய்க்கால் திரும்பவே இல்லை.

மலருக்கு எழுதிக் கொடுத்த நாலு வரியில் இதெல்லாம் இல்லை. யாரிடமும் நான் சொல்லாத இன்னொன்றும் இல்லை. செயலாளர் போன பிறகு பொன்மலர் அந்த டம்ளரைக் கீழே ஊற்றவில்லை. பக்கத்தில் நின்ற என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது குடிப்பீங்களா அண்ணே?" என்றாள்.

மிஷன் காம்பவுண்டு பம்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு. வாங்கினேன், உதடுவரை கொண்டுபோனேன், அந்த வாடை குமட்டியது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.