ரோமாபுரியில் எடுத்த படம்

ரோமாபுரியை நான் பார்த்தது ஒரே ஒரு நாள். அதுவும் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை. ஐந்துக்கு லாரி கிளம்பிவிடும்; தவறவிட்டவனுக்குத் தண்டனை உண்டு. "சீமையெல்லாம் பார்த்தவர்" என்று என்னை ஊரில் யாராவது அறிமுகப்படுத்தினால் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்று நான் ஊரைப் பார்த்ததைவிட மணி பார்த்ததுதான் அதிகம்.

பட்டாளத்தில் நான் சேர்ந்தது வெள்ளைக்காரனுக்காக இல்லை. பரளச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வெறும் வெடிப்பு. என் தாய்மாமன் மகள் எனக்கு உரிமைப் பெண். அவள் பிறந்த அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் அதில் சந்தோஷம். அவளுக்கு மனசு மல்லாங்கிணற்றில் இருந்தது, அவளுடைய அம்மாவின் அண்ணன் மகன்மேல். எனக்கு அடுத்தபடி உரிமை அவனுக்குத்தான். ஒருநாள் பருத்திக் காட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள்.

"மச்சான், நீங்க வேண்டாம்னு சொன்னா ரெண்டு வீட்டுக்கும் வெட்டுக்குத்து ஆயிரும். நான் சொன்னா என்னையக் கொன்னே போட்டுருவாக. நீங்க எங்கிட்டாவது போயிருங்க. ஆளு வரலேன்னா எங்கய்யா தானா வேற எடத்துல குடுத்துருவாரு."

சரி என்றேன். பெரிய தியாகி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காட்டைவிட்டு எங்கேயாவது தொலைய எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அருப்புக்கோட்டையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன், எடுத்துக்கொண்டார்கள். மாமா என் ஆத்தாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாராம்: "ரெண்டு தை பாப்பேன் தாயி. அதுக்குள்ள ஒம்மகன் சேதி வரலேன்னா மல்லாங்கிணத்துல குடுத்துருவேன்."

முதல் தை நான் பாலைவனத்தில் கிடந்தபோதே போய்விட்டது. மாமாவின் கெடு தெரிந்ததிலிருந்தே ஊருக்கு ஒரு கடிதமும் நான் எழுதவில்லை. இத்தாலிக்கு வந்து, இரண்டாவது தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போது ஆத்தாவின் கடிதம் வந்தது. யாரோ வாத்தியாரைப் பிடித்து, சொல்லச் சொல்ல எழுத வைத்திருந்தாள். "நீ செத்துட்டேன்னு ஊருக்குள்ள பேசுறாக. நான் சோறு தின்னு பல நாளாச்சு. கடுதாசின்னா யாரு வேணும்னாலும் எழுதிருவாக. நீ உசுரோட இருந்தா ஒம்மொகத்தைக் காட்டு." அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ரோமாபுரிக்கு லாரி ஏறினேன்.

மூன்று மாதம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் தப்பித்துவிடுவாள். அதுவரை ஆத்தா தாங்குவாளா என்பதுதான் தெரியவில்லை. லாரி குலுங்கிய குலுக்கலில் இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஊர் பெரிய ஊர்தான். பாதித் தெருக்களில் சிப்பாய்கள் நுழையக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். மீதித் தெருக்களில் எங்களை ஆடு ஓட்டுவதுபோல ஓட்டிப்போனார் ஒரு ஹவில்தார். மாதா கோயில் என்றார், பார்த்தோம். ராசா மண்டபம் என்றார், பார்த்தோம். ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண்களை அவர் காட்டவில்லை, அதையும் பார்த்தோம். என் கண் ஓரிடத்தில்தான் நிலைகுத்தியது. தெருமுனைக் குழாய் ஒன்றில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பிடிக்க ஆள் இல்லை, குடம் இல்லை. யாரோ மூடாமல் போய்விட்டார்கள் என்று ஓடிப்போய்த் திருகைத் தேடினேன். முன்னால் தடவினேன், பின்னால் தடவினேன். திருகே கிடையாது. சன்னலில் நின்ற கிழவி என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் ஊரில் ஒரு குடத்துக்கு ஊற்றடியில் அரைநாள் காத்துக் கிடப்பார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆத்தாவின் நினைப்பு அப்போதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

கடைசியாக, வட்டமாக இடிந்து நிற்கும் அந்தப் பழைய அரங்கத்துக்கு எதிரே ஒரு படக்காரன் பெட்டியோடு நின்றான். இரண்டு பாக்கெட் சிகரெட் கொடுத்தால் அங்கேயே கழுவித் தருவானாம். நான் தயங்கினேன். கூட வந்த திருநெல்வேலிக்காரன் விடவில்லை. "எடுலே, ஒங்கம்மை பாத்து வயிறு குளிரட்டும்!" படக்காரன் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினான். தொப்பியைச் சரி செய்துகொண்டேன். படம் கைக்கு வந்ததும் திருநெல்வேலிக்காரன், "ராசா கணக்கால்லா இருக்க!" என்றான். உண்மையைச் சொல்கிறேன்: ஆத்தாவுக்காக மட்டும் அதை நான் அனுப்பவில்லை. ரோமாபுரியில் நான் நிற்பதை ஊர் பார்க்க வேண்டும் என்ற பவுசும் இருந்தது. நான் உயிரோடு இருப்பது தெரிந்தால்தான் என்ன, ஆள் வராமல் எப்படிக் கல்யாணம் நடக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். படம் தபாலில் போயிற்று.

மாசியில், மலைமேல் பனிச்சேற்றில் கூடாரத்துக்குள் கிடந்தபோது பதில் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம். என் அக்கா சொல்லி எழுதியிருந்தது. "தம்பி, ஒம்படம் வந்துச்சு. ஆத்தா அத ஊரெல்லாம் கொண்டுபோய்க் காமிச்சு அழுதுச்சு. மாமாவும் பாத்தாரு. மாப்பிள்ள உசுரோட இருக்கயில வேற எடம் எதுக்குன்னுட்டாரு. தையிலயே முடிச்சிட்டோம். ஒம்படத்த மணையில வச்சு நாந்தான் தாலி கட்டுனேன்."

எங்கள் வழக்கத்தில் தாலி கட்டுவது மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். வர முடியாதவனுக்குப் பதிலாக அவன் கைத்தடியை மணையில் வைத்து முடித்த கல்யாணங்களைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். என் சின்னத்தாத்தா கல்யாணமே அப்படித்தான். எல்லாம் தெரிந்தவன் நான். தெரிந்தும் முட்டாளைப்போல என்னையே படமாக எடுத்து, தபாலில் மணைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். கடிதத்தைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தேன். போவதற்கு ஓரிடமும் இல்லை, நாலு பக்கமும் பனி. திரும்ப உள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்தும் கப்பலுக்குக் காத்துக் கிடந்து, ஊர் வந்து சேர அடுத்த வருடமாகிவிட்டது. மாமன் மகள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆத்தா ஆரத்தி எடுத்தாள். அக்கா, அவள் கழுத்தில் தான் கட்டிய தாலியை என்னிடம் பெருமையாகத் தூக்கிக் காட்டினாள். மாமன் மகள் தலை குனிந்து நின்றாள். இரண்டு நாள் எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் பருத்திக் காட்டில் அவள் களை வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"ஏ புள்ள, ஊரைக் கூட்டித் துரும்பைக் கிள்ளிப் போட்டுர்றேன். அதோட இந்தக் கல்யாணம் அத்துப்போகும். நீ மல்லாங்கிணத்துக்குப் போயிரு."

அவள் களைக்கொத்தியை நிறுத்தவில்லை.

"அவுகளுக்குப் போன ஆவணியில கல்யாணம் ஆயிருச்சு. நம்ம வீட்டுல எல்லாரும் போய் மொய் வச்சிச் சாப்புட்டு வந்தோம். நானும் போனேன்."

நான் குனிந்து, அவள் வெட்டிப்போட்ட களையைப் பொறுக்கினேன். அவளே கேட்டாள்.

"எதுக்கு மச்சான் அந்தப் படத்த அனுப்புனீக?"

"ஆத்தா அழுது கடுதாசி போட்டுச்சு," என்றேன்.

"நானுந்தான் அழுதேன். எனக்குக் கடுதாசி எழுதித் தர யாரு இருந்தா?"

சொல்லிவிட்டு அடுத்த உழவுசாலுக்குப் போய்க் குனிந்தாள்.