கத்தி படாத பரங்கிக்காய்

கண்ணமங்கலத்தில் என் தம்பி மகள் புதிதாக மின்சார அடுப்பு வாங்கியிருக்கிறாள். போன வாரம் பரங்கிக்காய் போட்டு அதில் ஏதோ சுட்டு, "அத்தை, சாப்ட்டுப் பாரு" என்று தட்டில் வைத்தாள். ஒரு வாய் கடித்தேன். "இதை மலையில ஆடு கூட மோந்து பாக்காதுடி" என்று சொல்லிவிட்டேன். பாவம், முகம் தொங்கிப்போயிற்று. என்ன செய்ய, என் வாய் அப்படி. முப்பத்திரண்டு வருஷம் நர்சு உத்தியோகம் பார்த்தவளுக்கு வாய் இனிமேலா திருந்தப் போகிறது?

ஆனால் நான் பொய் சொல்லவில்லை. இது பாஞ்சாலை சுட்ட பரங்கி ரொட்டியைத் தின்ற நாக்கு.

எழுபத்தாறில் எனக்கு ஜவ்வாது மலையில் போஸ்டிங் போட்டார்கள். ஜமுனாமரத்தூருக்கு இந்தப் பக்கம் ஐந்து மைல், பதினேழு வீடு உள்ள ஊர். அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதனால் அண்ணன் தம்பிகள் யாருக்கும் எனக்கு மாப்பிள்ளை பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் மலை ஏறினேன்.

இறங்கிய முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்து, "நீதான் நர்சம்மாவா? கஞ்சி குடிச்சியா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அரசாங்க நர்சை நீ, வா, போ என்கிறாளே! மலையில் கலெக்டர் வந்தாலும் நீதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு, அந்த நீயைக் கேட்காத நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள்தான் பாஞ்சாலை. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். புருஷன் கோபால் புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்து செத்துப்போயிருந்தான். ஒரே மகள் செல்லி, நாலாம் வகுப்பு. கொஞ்சம் சாமைக்காடு, ஒரு பசு, கூரை மேல் படர்ந்த பரங்கிக்கொடி, அவ்வளவுதான் சொத்து. அதிகம் பேச மாட்டாள். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், உடும்பு தோற்றுப்போகும்.

நான் வருவதற்கு முன்னால், சீமையிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா அந்தப் பக்கம் சின்னதாக ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுச் சமையலறையில் பாஞ்சாலை ஆறு வருஷம் வேலை பார்த்தாள். நாலு மணி டீயோடு அந்த அம்மாளுக்குப் பரங்கிக்காய் ரொட்டி வேண்டும். அந்த அம்மாள் சீமைக்குத் திரும்பிப் போன பிறகும் ரொட்டி மட்டும் மலையில் தங்கிவிட்டது.

கோதுமை மாவில் பாஞ்சாலை வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் உதிர்ப்பாள். வெல்லம், இடித்த பட்டை, கிராம்பு, சுக்கு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. வேகவைத்த பரங்கிக்காயையும் புளித்த மோரையும் சேர்த்து மாவைச் சும்மா அள்ளிக் கூட்டுவாள், அவ்வளவுதான். ஒருநாள் நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று சப்பாத்திக்குப் பிசைவதுபோல அடித்துப் பிசைந்தேன். "ஐயோ நர்சம்மா, அது மேல இன்னா கோவம் உனக்கு?" என்று பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கு ரொட்டி கல்லாகத்தான் வந்தது. அடி கனத்த மண்சட்டியில் மணல் பரப்பி, அதன் மேல் தட்டு வைத்து, பவுடர் டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டின மாவை அடுக்குவாள். மேலே ஓடு மூடி, ஓட்டின் மேலும் தணலைக் கொட்டுவாள். பிட்டால் ஆவியோடு பட்டை வாசம் எழும்.

எழுபத்தொன்பதில் ஜமுனாமரத்தூரில் பெண் பிள்ளைகள் விடுதிக்குச் சமையல்காரி வேண்டும் என்றார்கள். அந்த வருஷம் மழை பொய்த்து, சாமை மணி பிடிக்காமல் சாவியாகிவிட்டது. பாஞ்சாலையின் அண்ணன் கருப்பன் குடகில் காப்பித் தோட்டத்தில் இருந்தான். ஆடி கழிந்ததும் வந்து இருவரையும் கூட்டிப்போகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். போனால் செல்லி புத்தகத்தை மூடிவிட்டுப் பழம் பறிக்க வேண்டியதுதான். விடுதி வேலை கிடைத்தால் தாயும் மகளும் அங்கேயே இருக்கலாம், செல்லி படிக்கலாம். இதுவா அதுவா, இரண்டே வழி.

நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போய் அதிகாரி முன்னால் நிறுத்தினேன். விடுதியில் கோதுமை மாவு மூட்டை மூட்டையாகப் புழுத்துக்கொண்டிருந்தது. சாமை தின்கிற பிள்ளைகளுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. "இந்த மாவுல உனக்கு இன்னாம்மா செய்யத் தெரியும்?" என்று அதிகாரி கேட்டார். "பரங்கி ரொட்டி," என்றாள் பாஞ்சாலை. "திங்கக்கெழம உங்க ஊர்ப் பக்கம் வர்றேன். செஞ்சி காட்டு, பிள்ளைங்க திங்கிற மாதிரி இருந்தா வேலை உனக்கு," என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "ஆபீசரு இன்னிக்கே வர்றாராம், பதினோரு மணிக்கு! அப்புறம் பத்து நாளு லீவாம்!" என்று கத்திவிட்டுப் போனான். பத்து நாள் காத்திருந்தால் அதற்குள் கருப்பன் வந்துவிடுவான்.

மாவு இருந்தது. வெண்ணெய் இருந்தது. கூரையிலிருந்து இறக்கின பரங்கிக்காய் ஒன்று திண்டு மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தது. வெட்டத்தான் ஆள் இல்லை.

முழுப் பரங்கிக்காயில் பெண் கத்தி வைக்கக் கூடாது. முதல் வெட்டு ஆண் கைதான் வெட்ட வேண்டும். மீறினால் வெட்டினவளின் தலைச்சன் பிள்ளைக்கு ஆகாது. எங்கள் கண்ணமங்கலத்திலும் உண்டு இந்த வழக்கம், ஆனால் மலையில் ரொம்பக் கெட்டி. எப்போதும் பாஞ்சாலைக்கு வெட்டிக் கொடுப்பது எதிர் வீட்டு முனிசாமி. அவனோ, அன்று கடைசி ஆடி வெள்ளி என்று, ஊரில் இருந்த அத்தனை ஆண்களோடும் முந்தின நாளே படவேட்டு அம்மன் கோயிலுக்கு இறங்கிவிட்டான். மொட்டை போட ஆண் பிள்ளைகளையும் கூட்டிப் போய்விட்டார்கள். ஊரில் மீதி இருந்த ஒரே ஆண்பிள்ளை, மூன்று மாதம் முன்னால் நான் பிரசவம் பார்த்த குழந்தை. அது தூளியில் விரல் சூப்பிக்கொண்டிருந்தது.

பக்கத்து ஊர் மூன்று மைல். போய் ஆளைக் கூட்டி வந்து, வெட்டி வேகவைத்து, ரொட்டி சுடுவதற்குள் அதிகாரி வந்துவிடுவார். "அவரு ஜீப்ப விட்டு எறங்கினதும் அவர் கையிலயே கத்தியக் குடுத்துடு," என்றேன் எரிச்சலோடு. பாஞ்சாலை சிரிக்கவில்லை. காயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி ஆனது.

"தா கத்திய. நான் வெட்றேன்," என்றேன்.

"நீயா?"

"பின்ன? தலைச்சனுக்குத்தான ஆவாது? எனக்குப் புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. நான் வெட்டினா யாருக்கு இன்னா ஆயிடும்?"

கத்தியை எடுத்தும் விட்டேன். பாஞ்சாலை பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் இரண்டு நாள் வலித்தது.

"ஏன் நர்சம்மா, உனுக்கு அறிவில்ல? புள்ள இல்லேன்னா, இனிமே பொறக்காதா? பொறக்கப் போற புள்ளைக்கு நீயே கத்தி வைப்பியா?"

"அடி லூசு! எனக்கு முப்பத்தாறு வயசாவுது!"

"எங்க அத்த நாப்பதுல பெத்தா. குடு கத்திய."

"வேலை போயிடும்டி! செல்லிய நெனச்சிப் பாரு!"

"போனா போவுது," என்று கத்தியைப் பிடுங்கிக் கூரையில் செருகிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே புகை கிளம்பியது. எட்டிப் பார்த்தால், அடுப்பில் புளிய விறகைத் திணித்து எரித்துக்கொண்டிருந்தாள். தணல் விழுந்ததும் பரங்கிக்காயை முழுசாக அதற்குள் உருட்டிப் புதைத்தாள்.

"இன்னாடி பண்ற?"

"காட்டுல வள்ளிக்கெழங்க வெட்டியா சுடறோம்?" என்றாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நானும் அவளும் அந்தத் தணலையே பார்த்துக்கொண்டிருந்தோம். தோல் கறுத்தது, சொய்ங்கென்று சத்தம் போட்டது, பிறகு அடங்கிவிட்டது. நான் படவேட்டு அம்மனுக்கு மொட்டையே வேண்டிக்கொண்டேன். திடீரென்று டப்பென்று வெடித்தது பாருங்கள்! சாம்பல் பறந்து என் வெள்ளைப் புடவை எல்லாம் கரி. காய் நடுவில் ஒரு முழம் பிளந்து, உள்ளே மஞ்சளாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

"நானும் வெட்டல, நீயும் வெட்டல. அதுவா வாயத் தொறந்துச்சி," என்றாள் பாஞ்சாலை. வாயை மூடிக்கொள்ள மறந்து சிரித்தாள்.

கரண்டியால் வழித்தெடுத்தாள். தணலில் வெந்ததால் தண்ணீர் சுண்டி அல்வாப் பதமாக இருந்தது. அன்றைக்கு வந்த ரொட்டி போல அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. அதிகாரி மூன்று தின்றார், நாலாவதைப் பேப்பரில் சுற்றி வைத்துக்கொண்டார். "ஆடி முடிஞ்சதும் வந்து சேர்ந்துடும்மா," என்றார். கூடவே என் புடவையைப் பார்த்து, "நர்சம்மா எங்கயாவது நெருப்பு அணைச்சீங்களா?" என்றும் கேட்டார். எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பாஞ்சாலை அந்த விடுதியில் இருபத்து நாலு வருஷம் சமைத்தாள். செல்லி படித்து, போளூரில் தபால் ஆபீசில் உட்கார்ந்தாள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஜீப் போன பிறகு அன்று மத்தியானம் நாங்கள் பேசிக்கொண்டதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன், "ஏன்டி, அந்தக் காய் வெடிக்காமப் போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"இன்னா பண்றது, எஸ்டேட்டுக்குத்தான் போயிருப்பேன்."

"செல்லி?"

"செல்லிக்கு நான் கீறேன். எங்க போனாலும் எப்படியாவது பாத்துக்குவேன்," என்றாள், நிமிராமல். "உன் புள்ள இன்னும் வந்தே சேரல. அதுக்குப் பரிஞ்சி பேச யாரு கீறாங்க, சொல்லு?"

எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளை இந்தக் கையால் வாங்கினேன், எனக்கென்று ஒன்று வரவில்லை. வரும் என்று என் அம்மாவே நம்புவதை விட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. வராத அந்தப் பிள்ளைக்காக ஒருத்தி தன் மகளின் படிப்பையே விடத் துணிந்தாள்.

அவள் எதிரில் அழக்கூடாது என்று எழுந்தேன். "போடி, பைத்தியக்காரி" என்று கத்திவிட்டு, குழந்தைகளுக்கு எடை பார்க்கக் கிளம்பிவிட்டேன்.