திடப்படுத்தப்படாதவளின் ஜெபம்

ஹைதராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் ஆயர்கள் மாறுவார்கள், செயலாளர் மாறமாட்டார். ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஷிஃப்டுக்கு ஆள் பிரித்த தோரணையிலேயே இங்கே யார் வேதபாடம் வாசிப்பது, யார் காணிக்கைப் பை பிடிப்பது என்று பிரிப்பார். ஆயர்கூட அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பிரசங்கத்தை முடிப்பார். பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

அவருக்கு இரண்டு வைராக்கியங்கள் உண்டு. ஒன்று தமிழ், இன்னொன்று ஊழியம். பாதி ஆயுசை இந்த ஊரில் கழித்தும் அவருடைய தெலுங்கு காய்கறி வண்டியைத் தாண்டவில்லை. அதில் பெருமை வேறு. ஆனால் மாதம் ஒருமுறை கமிட்டி ஆண்களை வேனில் ஏற்றிக்கொண்டு மேதக் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்த் தெலுங்கில் அச்சடித்த சுவிசேஷக் கைப்பிரதிகளைக் கொடுப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கொடுப்பவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வாங்கியவர் சிரித்துவிட்டால் போதும், ஆத்துமா தொடப்பட்டது என்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வந்துவிடும்.

என் மகள் இதே ஊரில் குஷாய்குடாவில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போனவள். தமிழில் கேட்டால் புரியும். பதில் தெலுங்கில்தான் வரும். அவளுக்கு, பிஷப் வந்து நடத்தும் திடப்படுத்தல் ஆராதனை நெருங்கியது. அது முடிந்தால்தான் எங்கள் சபையில் பிள்ளைகள் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் எடுக்கலாம். அதற்கு முன்னால் கமிட்டியார் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். மற்றப் பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் கடகடவென்று ஒப்பித்தார்கள். இவள் பாதியில் திக்கி நின்றாள். ஆயருக்கு மனசு கேட்காமல், கடவுளைப் பற்றி உனக்குத் தெரிந்ததைச் சொல் என்றார்.

"பயம் வேசினப்புடு நா பக்கனே உண்ட்டாரு" என்றாள். எனக்குப் பயம் வரும்போது பக்கத்திலேயே இருப்பார் என்று அர்த்தம். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செயலாளர் பேனாவை மூடினார். "தமிழ்ல சொல்லத் தெரியாத பிள்ளைக்குத் தமிழ்ச் சபையில என்ன திடப்படுத்தல்? அடுத்த வருஷம் பாப்போம்."

ஆயர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருவிருந்து ஞாயிறுகளில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் பீடத்தின் முன் முழங்காலில் நிற்க, இவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நானும் எழுந்து போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நாளில் செயலாளர் போன் செய்தார். கிராமத்து ஜனங்கள் ஏதேதோ கேட்கிறார்களாம், தெலுங்கு பேச ஆள் வேண்டுமாம், பாப்பாவை அனுப்ப முடியுமா என்றார். வெட்கம் என்பது அந்த மனிதரின் வீட்டு வழியாகக்கூடப் போனதில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் போகிறேன் என்று தலையாட்டினாள். தனியே விட மனமில்லாமல் நானும் வேனில் ஏறினேன்.

கிராமத்தில் ஒரு பெண் கைப்பிரதியை வாங்காமல், தன் பிள்ளை துபாய்க்கு வேலைக்குப் போனவன், பேசி ரொம்ப நாளாயிற்று, அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று தெலுங்கில் கேட்டாள். கமிட்டியார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் என் மகளை முன்னால் வரச் சொல்லிவிட்டு, எல்லோரும் கண்ணை மூடுங்கள் என்று உத்தரவிட்டார்.

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். அந்தப் பையன் வீட்டுக்குப் பேச வேண்டும், அவனுக்குச் சரியான சாப்பாடு கிடைக்க வேண்டும், அம்மாவுக்குத் தூக்கம் வர வேண்டும் என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் செயலாளர் உரக்க ஆமென் போட்டார். பிறகு அதே குரலில், மாறாமல் தெலுங்கில் சொன்னாள்: ஆண்டவரே, இந்த அங்கிள்கள் எல்லாரும் உங்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், உங்களை இன்னும் தெரியாது. நீங்களே போய் அவர்களோடு பேசுங்கள், அவர்கள் கோபப்பட்டாலும் விட்டுவிடாதீர்கள்.

"ஆமென், ஆமென்" என்றார் செயலாளர். கமிட்டி மொத்தமும் பின்னாலேயே சொன்னது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்தக் கிராமத்துப் பெண் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது செயலாளர் முன் ஸீட்டிலிருந்து எங்களைப் பார்த்துத் திரும்பினார். முகமெல்லாம் திருப்தி. பிள்ளை என்னென்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். அந்த அம்மாவின் பையனுக்காகவும் உங்களுக்காகவும் ஜெபித்தாள் என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"எனக்காகவுமா? நல்ல பிள்ளை" என்றார். "இதையே அடுத்த வருஷம் கமிட்டி முன்னால தமிழ்ல சொல்லட்டும்மா. நானே பிஷப் முன்னால கொண்டுபோய் நிறுத்துதேன்."

மகள் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"சொல்றேன் அங்கிள்" என்றாள்.

அவருக்கு அவள் தமிழில் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.