ஆளாளுக்கு ஒரு சொட்டு

மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது மறுபடியும் துப்பாக்கி சுடப் போனேன். கல்லூரியில் என்.சி.சி.யில் பழகியது. ஞாயிறு காலையில் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பெரம்பலூரில் பஸ் ஏறி, அரியலூருக்கு வெளியே இருக்கும் ரைபிள் கிளப்புக்குப் போவேன். மாநிலப் போட்டிக்கான தேர்வில் பெயர் வரவில்லை என்றால் நிறுத்திவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். கிளப் ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் குழந்தையை இடது தோளில் போட்டுத் தூங்க வைக்கும்போது, வலது கையில் துணி கிளிப்பை வைத்துக்கொண்டு விரலால் மெல்ல அழுத்திப் பழகினேன்.

கிளிப்பில் வந்தது ரைபிளில் வரவில்லை. ட்ரிக்கர் பாதியில் கரகரவென்று சிக்கி நின்று, பிறகு திடீரென்று விடுபடும். குண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே போய்விடும். விரலில் கோளாறா, தூக்கம் போதவில்லையா, பிள்ளை பெற்ற பிறகு கை இப்படித்தான் ஆகிவிடுமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வருவேன்.

தேர்வுக்கு முந்தின வாரம், ட்ரிக்கர் சிக்குவதைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன். துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு அவர் ட்ரிக்கர் பாகத்தைக் கழற்றினார். உள்ளே எண்ணெயும் தூசியும் கலந்து சாம்பல் நிறத்தில் களி போல அப்பியிருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப் சுவரை ஒட்டித்தான் போகின்றன.

“எண்ணெய் விட்டது யாரும்மா?”

“எல்லாரும்தான் சார். நானும்.”

“கோயில் விளக்கா இது, வர்றவங்கல்லாம் ஒரு சொட்டு ஊத்திட்டுப் போறதுக்கு?”

கழுவித் துடைத்து மாட்டினார். “ட்ரிக்கர் ஸ்க்ரூவையும் லூஸ் பண்ணிட்டேன். இனி தொட்டாப் போதும்.”

“தட்டிப் பாருங்க சார்.”

காலித் துப்பாக்கியின் போல்ட்டை மூடி, அதன் அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் லேசாகத் தட்டினார். ட்ரிக்கரை யாரும் தொடாமலே டிக் என்று விடுபட்டது.

“பழையபடி வெச்சுடுங்க சார். கனமா இருந்தாப் பரவால்ல. கரகரப்பு போனாப் போதும்.”

ஸ்க்ரூவை மறுபடி இறுக்கினார். தட்டினார். சத்தம் இல்லை. இன்னொரு தடவை தட்டச் சொன்னேன்.

“தூளி ஆட்ற நெனப்பா உனக்கு?” என்றபடி தட்டினார்.

தேர்வன்று ட்ரிக்கர் கனமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே சீராக வந்து, நான் நினைத்த இடத்தில் விடுபட்டது. பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. வீட்டுக்குப் போன் செய்தேன்.

“இப்பத்தான் தூங்குனா,” என்றார் மாமியார். “அப்ப அடுத்த ஞாயிறும் உண்டா?”

“உண்டுங்க அத்தை.”

பஸ்ஸில் உட்கார்ந்ததும், சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் தூங்கிவிட்டேன்.