திராட்சை தின்று தோள் பெருத்த என் மகள்

நம் அன்பியத்து ஜெபக் கூட்டத்துக்கு வந்திருக்கும் சகோதரிகளே, நான் பயந்தாங்கொள்ளி.

போன தை மாதம் எனக்கு ஏழாவது மாதம். மாசமாக இருக்கும்போது வருகிற சுகர் எனக்கு வந்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். "கட்டுப்படுத்தலன்னா பிள்ளை பெருத்துப்போகும், பிரசவத்துல சிக்கல் வரும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் டீயில் சீனியை நிறுத்தினேன். அதோடு என் கடமை முடிந்ததென்று நினைத்தேன்.

அப்போது எங்கள் தோட்டத்தில் திராட்சை வெட்டு. பெட்டியில் அடுக்கும்போது குலையிலிருந்து உதிரும் பழம் விலை போகாது. அதை ஒரு சட்டியில் அள்ளி என் பக்கத்தில் வைப்பார் என் மாமியார். "பழந்தான ஆத்தா, சீனியா என்ன? தின்னு, ரத்தம் ஊறும்" என்பார். பெட்டி நிறைவதற்குள் நான் சட்டியைக் காலி பண்ணிவிடுவேன். ரத்தம் சோதிக்கப் போகுமுன் இரண்டு நாள் மட்டும் தொடமாட்டேன். ரிசல்ட் நன்றாக வரும். என் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

ஒன்பதாம் மாத ஸ்கேனில் பிள்ளை நாலு கிலோவைத் தாண்டிவிட்டது. "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "நீங்க சொன்னதத்தான்" என்று கூசாமல் பொய் சொன்னேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். அதற்கு முன்பே ஒரு மத்தியானம் வலி கண்டுவிட்டது. தேனிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷனுக்கு நேரமில்லை.

தலை வந்தது. தோள் வரவில்லை. உள்ளே எலும்பில் மாட்டிக்கொண்டது. டாக்டரம்மா ஆட்களைக் கத்திக் கூப்பிட்டார். இரண்டு நர்சுகள் என் தொடைகளை வயிற்றோடு மடக்கினார்கள். இன்னொருவர் அடிவயிற்றில் அழுத்தினார். பிள்ளையிடம் சத்தமே இல்லை. ஐயோ, தின்றே என் பிள்ளையைக் கொன்றுவிட்டேனே என்று பதறினேன். ஜெபமாலையில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "மாதாவே, பொய் சொன்னது நானு. பிள்ளைய விட்டுரு தாயே" என்று மட்டும் மனசுக்குள் கதறினேன்.

அடுத்த நொடி என்னையறியாமல் வாய்விட்டே அலறினேன். "டாக்டரம்மா, தெனமும் சட்டி சட்டியா திராட்சை தின்னேன்! சோதனைக்கு வாரப்ப மட்டும் நிறுத்துனேன்!"

"பிள்ளைக்கு ஒடனே சுகர் பாருங்க!" என்று அவர் யாரிடமோ சொன்னார். அந்த நேரத்தில் தோள் விடுபட்டது. நீலம் பாய்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறக்கவே பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். "அழாத. தாய்க்குச் சுகர் ஏறியிருந்தா பெறந்ததும் பிள்ளைக்கு எறங்கிருமாம், இவளுக்கும் ரொம்ப எறங்கிருச்சாம். சட்டுனு பாத்து குளுக்கோஸ் ஏத்திட்டாக. மக அழுகுறா, என் காதால கேட்டேன்" என்றார். அவரும் அழுதார்.

தோள் மாட்டியதில் மகளின் வலது கை சில வாரம் துவண்டு கிடந்தது. இப்போது அவளுக்கு எட்டு மாதம். அந்தக் கையாலேயே என் முடியைப் பிடித்து இழுக்கிறாள். சட்டி சட்டியாய்த் தின்ற காலம் போயிற்று. இப்போது எனக்குச் சுகர் இல்லை. ஆனாலும் தவறாமல் சோதிக்கிறேன், சாப்பிட்டதைச் சாப்பிட்டபடி சொல்கிறேன்.

நான் பிள்ளையைக் கேட்டேன். மாதா முதலில் என் வாயைத் திறந்தாள், பிறகு பிள்ளையைத் தந்தாள். அவளுக்கு என் உயிர் உள்ளவரை நன்றி. சகோதரிகளே, பயம் வந்தால் அவளை நம்பிக் கூப்பிடுங்கள். அவளிடம் சொல்கிற உண்மையை டாக்டரிடமும் சொல்லுங்கள். என் மகளின் தலை வெளியே வந்த பிறகுதான் நான் சொன்னேன். நீங்கள் அதுவரை காத்திருக்காதீர்கள்.