பார்க்கலாம் என்பவர்

“வாடிக்கையாளருக்கு ஐயத்துக்கு இடமின்றி உறுதியளிக்கும் முதுநிலைத் தொழில்நுட்பர்” என்று கம்பெனி கொடுத்த அட்டை அவர் கழுத்தில் தொங்கும். குடியிருப்பில் அவருக்குப் பெயர் ‘பார்க்கலாம்’. லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

அவர் “பார்க்கலாம்” என்றால் ஸ்பேனர் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். “அநேகமா ஓடும்” என்றால் தைரியமாக ஏறலாம். “கண்டிப்பா” என்பது நச்சரிப்பவர்களை அனுப்பிவைக்க மட்டும். “சத்தியமா” என்று ஒரே ஒருமுறை சொன்னார். அந்த லிஃப்டைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள்.

நாலாம் மாடிக்குப் புதிதாக வந்த கணக்காயருக்கு இதெல்லாம் தெரியாது. இடுப்பு ஆபரேஷன் முடிந்து அவருடைய அம்மா அன்று சாயங்காலம் வீடு திரும்புகிறார். லிஃப்டோ காலையிலேயே படுத்துவிட்டது. கீழ்வீட்டு அக்காவிடம் நம்பர் வாங்கி, அங்கேயே நின்று போன் போட்டார்.

“பார்க்கலாம் சார்.”

“என்னங்க பார்க்கலாம்? சாயங்காலத்துக்குள்ள கண்டிப்பா சரியாகும்னு சொல்லுங்க!”

அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கணக்காயர் கவனிக்கவில்லை.

“சரி சார். கண்டிப்பா.”

கணக்காயர் வெற்றியோடு போனை வைத்தார். அக்கா தலையில் கை வைத்தார். “கெடுத்தீங்களே! நல்லா இருந்த மனுஷன் வாயிலேர்ந்து கண்டிப்பாவைப் பிடுங்கிட்டீங்க. அம்மாவுக்கு என் வீட்டுலயே கட்டில் போடட்டுமா?”

ஆனாலும் அவர் வந்தார். மத்தியானம் முழுக்க மோட்டார் அறையில் கிடந்தார். போர்டு கருகியிருந்தது, புதிது வர ரெண்டு நாள் ஆகும். கையைத் துடைத்துக்கொண்டு அவர் இறங்கவும், வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“லிஃப்ட் ஓடுமா தம்பி?” என்றார் அம்மா.

“ஓடாதும்மா.”

“நிச்சயமாவா?”

“நிச்சயமா.”

அகராதியில் உள்ள பொருளில் அப்படியொரு சொல்லை அவர் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை. அக்கா திகைத்துப்போனார்.

“என் கட்டில்லதான் எனக்குத் தூக்கம் வரும். ஆஸ்பத்திரியில கண்ணே மூடலை,” என்றார் அம்மா, யாரையும் பார்க்காமல்.

அக்கா வீட்டு நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். மேற்பக்கம் மகன் பிடித்தார். பாரமெல்லாம் இறங்கும் கீழ்ப்பக்கத்தை லிஃப்ட்காரர் பிடித்தார். நாலு மாடியும் தூக்கிக்கொண்டு போய், அந்த அம்மாவை அவருடைய கட்டிலில் உட்காரவைத்தார்கள்.